பதினேழாம் நம்பர் முத்திரை

கிதியோனுடைய முத்திரைக்கு நம்பர் பதினேழு. செகந்திராபாத்தில் மௌலா அலி மலைப் பக்கம் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக அந்த நம்பரைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார். வட்டமான சின்ன முத்திரைதான். ஆனால் அது விழுந்த பெட்டியை அடுத்த பிரிவுக்காரர்கள் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். பதினேழு குத்தியிருக்கிறதா, சரி, எடுத்து மாட்டு என்று போய்விடுவார்கள்.

பார்க்காததற்கு அவர் குத்தமாட்டார் என்பது தொழிற்சாலை முழுக்கப் பிரசித்தம். ஒரு மார்ச் மாதக் கடைசியில் மேனேஜரே வந்து பக்கத்தில் நின்று, "குத்துங்க கிதியோன், சரக்கு இன்னைக்கே போயாகணும், நான் பார்த்துட்டேன்" என்றார். "அப்ப நீங்க பார்த்ததுக்கு உங்க முத்திரையக் குத்துங்க சார்" என்றார் கிதியோன். மேனேஜருக்கு ஏது முத்திரை? சரக்கு மூன்று நாள் தங்கியது. வீம்பு பிடித்த மனுஷன் என்று பேர் வந்தது. அந்தப் பேரை அவர் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனுஷன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பார்க்காததற்குக் குத்தினார். அதுவும் தொழிற்சாலையில் இல்லை, கோயிலில், அதாவது எங்கள் சர்ச்சில். அதைத்தான் சொல்ல வந்தேன்.

தனசிங் அவருக்கு ஒரே மகன். நாச்சாரத்தில் பம்புசெட் செய்யும் சின்னக் கம்பெனியில் மெக்கானிக். ஹில்டாவைக் கட்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது. எழுபத்தேழு நவம்பரில், வாங்கினவர்கள் வயலில் பம்பு மாட்டிக்கொடுக்க மசூலிப்பட்டினம் பக்கம் போனான். வெள்ளிக்கிழமை ஒரு லாட்ஜில் பையை வைத்துவிட்டு, நாளைச் சாயங்காலம் வந்துவிடுவேன் என்று சொல்லி பஸ் ஏறினான். எந்த ஊர் பஸ் என்று லாட்ஜ்காரர் கவனிக்கவில்லை. சனிக்கிழமை கடல் ஊர்களுக்குள் வந்தது. திவிசீமைப் புயல் என்று சொன்னால் அந்தக் காலத்து ஆந்திராக்காரர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

கிதியோன் போய்ப் பதினோரு நாள் தேடினார். முதல் இரண்டு நாள் முகம் முகமாகப் பார்த்தார். அதற்குப் பிறகு முகங்களைப் பார்த்துப் பிரயோசனம் இல்லாமல் போனதால் கைகளைப் பார்த்தார். தனசிங்கின் இடது கை மோதிர விரல் நகம் லேத்தில் அடிபட்டுக் கறுத்திருக்கும். அவர் பார்த்த எந்தக் கையிலும் அந்த நகம் இல்லை. அவர் பார்ப்பதற்கு முன்பே எரித்த கைகள், புதைத்த கைகள், கடல் திரும்பக் கொண்டுபோன கைகள் எத்தனையோ. பதினோராம் நாள் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். சாம்பாரில் உப்பே இல்லை என்று பக்கத்து இலைக்காரர் முகம் சுளித்தார். கிதியோனுக்கு அது தெரியவில்லை. முழுவதும் சாப்பிட்டு எழுந்தார்.

அன்றைக்கு மரத்தது மரத்ததுதான். அவர் அழவில்லை. துக்கம் இல்லாமல் இல்லை. இருந்தது, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. பாடுவது கேட்கும், என்ன பாட்டு என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சபையோடு எழுந்து நின்று, 'விசுவாசிக்கிறேன்' என்று சொல்வார். வாய் அது பாட்டுக்குச் சொல்லும். பிறகு உட்காருவார்.

ஏழு வருஷம் இப்படிப் போனது.

ஹில்டா மாமனார் வீட்டிலேயே இருந்தாள். செகந்திராபாத் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளை இணைத்துக்கொடுக்கும் டிரங்க் போர்டு வேலை. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள்; தமிழ் பேசினால் நடுநடுவே ஆமாம், வேண்டாம், எதற்கு என்பதற்கெல்லாம் ஹவ், நக்கோ, கைக்கு என்று ஊர் உருது வந்து விழும். மாமியார் கனகமணிக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டுக் கஞ்சி வைப்பாள். அவளுக்கு முப்பத்தொன்று நடந்தபோது, லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் தியோடர், மனைவியை இழந்தவர், கோயில் வாசலில் கிதியோனை ஓரமாகக் கூப்பிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஹில்டாவுக்குச் சம்மதம் என்றால் தனக்குச் சந்தோஷம், மாமாவுக்கு வருத்தம் என்றால் இத்தோடு விட்டுவிடுகிறேன் என்றார். கிதியோனுக்கு வருத்தமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. ஆனால் நல்ல ஆள் என்று தெரிந்தது. அந்த அளவுக்கு அவருடைய கண்ணாவது வேலை செய்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பேரைச் சபையில் வாசித்து, ஆட்சேபனை உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம் என்று கேட்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பேர். ஓலை போய்க் காகிதம் வந்து எத்தனையோ காலம் ஆயிற்று, பேர் மட்டும் ஓலைதான். போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அந்த ஐயர் ஓய்வு பெறப் போகிற வயது, சாது. "கோர்ட்டு காகிதம் இல்லாம நான் ஓலை வாசிக்க முடியாது கிதியோன்" என்றார். "தனசிங் இருக்கானா இல்லையான்னு சபைக்குத் தெரியாது. நமக்குத் தெரியாததைக் கோர்ட்டாவது சொல்லட்டும்."

வக்கீல் ரகுநாதன் செகந்திராபாத் தமிழர்களுக்கெல்லாம் பொதுவான வக்கீல். அவர் விஷயத்தைச் சுலபமாக்கிச் சொன்னார். "ஒருத்தரைப் பத்தி வழக்கமா யாருக்குச் சேதி வருமோ, அவங்களுக்கு ஏழு வருஷமாச் சேதி இல்லைன்னா, இறந்துட்டதா வச்சுக்கணும்னு சட்டம் சொல்லுது. இறந்தார்னு நீங்க சொல்லவே வேண்டாம் சார். சேதி வரலைன்னு சொன்னாப் போதும். நீங்க, உங்க சம்சாரம், மருமக, மூணு பேரும் சொல்லணும்."

டைப் அடித்த பிரமாணப் பத்திரத்தின் அடியில், மேலே சொன்னவை என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை என்று ஒரு வரி இருந்தது. கிதியோன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார்.

"அறிவு எது, நம்பிக்கை எது?"

"எல்லாம் சேர்த்துத்தான் சார். யாரும் பிரிக்கறதில்லை."

"பிரிச்சுப் போடுங்க."

ரகுநாதன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முதல் ஆறு பத்திகள் அறிவு, ஏழாவது நம்பிக்கை என்று பிரித்தார். மேற்படி தனசிங் இறந்துவிட்டார் என்று நம்புகிறேன் என்பது ஏழாவது.

"சட்டத்துக்கு இது வேண்டாம்னு சொன்னீங்களே" என்றார் கிதியோன். "நான் அவன் செத்ததைப் பார்க்கலை. உயிரோட இருக்கதையும் பார்க்கலை. எடுத்துருங்க."

ஏழாவது பத்தி போயிற்று. கிதியோன் கையெழுத்துப் போட்டார். ஹில்டாவும் போட்டாள். கனகமணியின் காகிதத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

கனகமணி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காகிதத்தை வாங்கவில்லை.

"சேதி வரலைன்னு நான் எப்படிச் சொல்ல?" என்றாள். "எனக்குத்தான் வந்திருக்கே."

மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு அட்டை, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கியது. அந்த அட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். வருஷப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைகள் என்று ஒரு தட்டில் வைத்துச் சபையில் கொண்டுவருவார்கள். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வசனம் இருக்கும். குப்புற வைத்திருப்பதில் ஆளுக்கு ஒன்று எடுக்கவேண்டும். கையில் வந்தது அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தனக்கென்று தந்த வாக்கு என்பது நம்பிக்கை. புயல் போய் ஆறு வாரத்தில் வந்த வருஷப் பிறப்பு அன்று கனகமணியின் கைக்கு வந்தது, போன பிள்ளைகள் தங்கள் ஊருக்குத் திரும்பி வருவார்கள் என்று பொருள்படும் ஒரு வசனம். சபையில் எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அன்றோடு அவள் அழுவதை நிறுத்திவிட்டாள்.

"ஹில்டா எனக்கு மகதான்" என்றாள் கனகமணி. "அவ நல்லா இருக்கணும்னு எனக்கு இல்லையா? ஆனா எம் பிள்ளை திரும்பி வந்து எம் பொண்டாட்டி எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல? ஓலை வாசிக்கும்போது நான் எந்திரிச்சு நிப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக இன்னொன்றும் சொன்னாள். "பக்கத்து வீட்டு ரோமன் கத்தோலிக்கக்காரங்கன்னா செத்தவங்களுக்குப் பூசை வைக்கலாம். நம்ம சபையில செத்தவங்களுக்கு ஜெபம் கிடையாது. காணாமப் போனவன்னு இருக்கதுனாலதான் வாராவாரம் அவன் பேரை வாசிக்காங்க. அந்த லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டா அப்புறம் அவன் பேரை நான் எங்க போய்க் கேக்க?"

வாரம் தவறாமல் வாசிக்கும் அந்த ஜெபக் குறிப்பை மாதாமாதம் அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுப்பவர் கிதியோன்தான். வாக்குத்தத்த அட்டைகளை எழுதுகிறவரும் அவர்தான். தட்டை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போனவரும் அவர்தான்.

இனி மறைத்து வைத்து என்ன ஆகப்போகிறது. அந்த அட்டையை அவர்தான் அவள் கைக்கு வரவைத்தார். ஆறு வாரமாக ஒரு பருக்கை உள்ளே இறங்காமல் கிடந்தவளைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. வேறு எதுவும் உறைக்காத அந்த நாட்களில் பயம் மட்டும் உறைத்தது. வசனத்தைத் தேடி எழுதினார், கட்டை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார், அவள் வரிசை வந்ததும் தட்டைச் சாய்த்து விரலை எடுத்தார். அட்டை அவள் விரலில் போய் இடித்தது. அன்று மத்தியானம் அவள் இரண்டு கவளம் சாப்பிட்டாள். செய்தது சரி என்றே அவருக்கு அப்போது பட்டது.

இப்போது அந்த அட்டை ஹில்டாவின் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றது.

தொழிற்சாலை கேன்டீனில் அவரோடு சாப்பிட உட்காருபவர் திட்டப் பிரிவு ராமசுவாமி. தஞ்சாவூர்க்காரர், தினமும் குளித்துச் சந்தியாவந்தனம் பண்ணிவிட்டு வந்து, கடவுள் உண்டா இல்லையா என்று தயிர்சாதம் முடியும்வரை வாதம் பண்ணக்கூடியவர். கிதியோன் அவரிடம் பேர் ஊர் சொல்லாமல் கேட்டார்.

"சார், ஒரு ஆளு தப்பான காரணத்தை வச்சு ஒண்ண நம்புதாருன்னு வைங்க. அந்த நம்பிக்கைக்கு என்ன மதிப்பு?"

"விஷயம் நிஜமா, பொய்யா?"

"தெரியாது."

ராமசுவாமி யோசித்தார். "தப்பான கேஜால அளந்தாலும் பீஸ் சரியா இருக்கலாம் ஓய். ஆனா அளந்தேன்னு சொல்லப்படாது."

"அப்ப என்ன செய்யணும்?"

"உமக்குத் தெரியாதா? கேஜுக்குச் சிவப்பு டேக் கட்டி ஓரமா வைக்கணும். பீஸை வேற கேஜால அளக்கணும்."

"வேற கேஜ் இல்லைன்னா?"

"அப்போ சரின்னும் சொல்லப்படாது, தப்புன்னும் சொல்லப்படாது. உம்ம முத்திரையைப் பையில போட்டுண்டு ஆத்துக்குப் போக வேண்டியதுதான்." ராமசுவாமி ஊறுகாயை நக்கிக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கப்படாது. பார்க்காததுக்குக் குத்தமாட்டேன்னு ஊரெல்லாம் பேர் வாங்கிண்டிருக்கீரே. ஐந்நூறு பீஸ் வந்தா எத்தனை பார்க்கறீர்? ஐம்பது. மிச்சம் நானூத்தம்பது மேலேயும் உம்ம பதினேழுதானே விழறது? அதுக்கு என்ன பேராம்?"

"இத்தனைக்கு இத்தனை பார்த்தாப் போதும்னு அட்டவணை இருக்கு சார்."

"எங்காத்துல பஞ்சாங்கம்கூட இருக்கு." ராமசுவாமி சிரித்தார். கிதியோன் சிரிக்காததைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "நான் தினம் கார்த்தாலே ஜலத்தை எடுத்து விடறேன். அந்தண்டை வாங்கிக்க ஒருத்தர் இருக்காரான்னு எனக்குத் தெரியாது. ஆனா விடாத அன்னிக்குக் கை என்னமோ போல இருக்கு. இதுக்கு என்ன காரணம்னு கேட்டா என்கிட்டேயும் பதில் இல்லை. உங்க ஐயர் என்ன சொல்றார்?"

"எங்க ஐயர் கோர்ட்டு சொல்லட்டும்னு சொல்லுதாரு."

"புத்திசாலி" என்று ராமசுவாமி டிபன் டப்பாவை மூடினார்.

அந்த வாரக் கடைசியில் ஹில்டா பஸ் ஸ்டாண்டுவரை மாமனாரோடு நடந்தாள். தர்காவில் உர்ஸ் திருவிழாச் சமயம். மௌலா அலி மலைப்படிகளில் பச்சைத் துணிகளும் பூக்கூடைகளுமாக ஜனம் ஏறிக்கொண்டிருந்தது. மேலே பாறையில் ஒரு கை பதிந்திருக்கிறது, அதைத் தொட்டுக் கும்பிடப் போகிறார்கள். கிதியோன் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஏறிப் பார்த்ததில்லை.

"மாமா, அத்தைக்குக் கஷ்டம்னா நக்கோ" என்றாள் ஹில்டா. "தியோடர்கிட்ட நான் சொல்லிடறேன். அவர் ஒண்ணும் நினைக்கமாட்டார். அத்தையை கைக்கு அழவைக்கணும்?"

"உனக்கு என்ன தோணுது? அவன் இருக்கானா?"

"போர்டுல டெய்லி பாக்கறேன் மாமா. நாங்க 'நோ ரிப்ளை'ன்னு எழுதுவோம். ஆள் இல்லைன்னு எழுதமாட்டோம். தூங்கிட்டிருக்கலாம், தோட்டத்துல இருக்கலாம், நமக்கு என்ன தெரியும். ஆனா டைம் ஆச்சுன்னா கால் கேன்சல். அந்த லைனுக்கு இன்னொருத்தர் வெய்ட் பண்ணிட்டிருப்பாங்க." கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "எனக்கு அவர் முகம் போட்டோவில இருக்கிற மாதிரி மட்டும்தான் ஞாபகம் வருது மாமா. குரல் சுத்தமாப் போயிடுச்சு" என்றாள்.

பஸ் வந்தது. ஏறும்போது அவள் காதோரம் நரைத்திருப்பதைக் கிதியோன் பார்த்தார். இதைப் பார்த்தால் நெஞ்சு வலிக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. வலிக்கவில்லை. ஆனால் வலிக்காததற்காக அந்தப் பெண் இன்னும் ஏழு வருஷம் காத்திருக்கவேண்டுமா என்ற கேள்வி மட்டும் சுத்தமாக, கேஜில் பீஸ் உட்காருகிற மாதிரி வந்து உட்கார்ந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது கனகமணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம். கிதியோன் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே மோடாவை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"கனகு, அந்த அட்டை உனக்குத் தானா வரலை" என்றார். "நான்தான் வச்சேன். வசனத்தைத் தேடி எழுதி, விரல்ல பிடிச்சுக்கிட்டு வந்து உன் கையில தள்ளிவிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் முறத்தைப் போடுவாள், அலறுவாள், அட்டையின் கண்ணாடிச் சட்டத்தை இழுத்து உடைப்பாள் என்று காத்திருந்தார். முறம் அதேபோல மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றாள் கனகமணி.

"என்ன தெரியும்?"

"நீங்க வச்சீங்கன்னு தெரியும். தட்டுல எல்லா அட்டையும் ஆடிக்கிட்டு இருந்துச்சு, ஒண்ணு மட்டும் ஆடலை. அது மேல உங்க கட்டை விரல். எங்கிட்ட வந்ததும் எடுத்தீங்க. உங்க விரலை எனக்குத் தெரியாதா?"

கிதியோன் தன் கட்டை விரலைப் பார்த்தார்.

"தெரிஞ்சா ஏன் நம்புன?"

கனகமணி முறத்தை மடியில் வைத்துவிட்டு, இதென்ன கேள்வி என்பது போல அவரைப் பார்த்தாள். "நீங்க வச்சதுனாலதான் நம்புனேன். தட்டுல தானா வந்திருந்தா, நூறு அட்டையில ஒண்ணு, யாருக்கும் வரும்னு நெனச்சிருப்பேன். நீங்க பார்க்காத எதுக்கும் முத்திரை குத்தமாட்டீங்களே. மேனேஜர் நின்னு கேட்டும் குத்தலையே. அப்படிப்பட்ட மனுசன் பதினோரு நாளு அங்க தேடிட்டு வந்து, ஒரு வார்த்தை பேசாம, என் கையில அந்த வசனத்தைக் கொடுத்தா நான் என்னன்னு எடுத்துக்க? ஏதோ பார்த்திருக்காரு, யாரோ ஏதோ சொல்லியிருக்காங்க, வெளிய சொல்லமுடியாம எனக்கு மட்டும் சொல்லுதாருன்னுதான் எடுத்துக்கிட்டேன். ஆண்டவரை நம்புனேன்னு ஊருல சொல்லிக்கிட்டேன். நான் உங்களைத்தான் நம்புனேன்."

வெளியே யாரோ குழாயடியில் குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது.

"அங்க என்ன பார்த்தீங்க?" என்று கேட்டாள். ஏழு வருஷத்தில் அவள் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணும் பார்க்கலை."

"ஒண்ணுமே?"

"கையா பார்த்தேன் கனகு. எதுவும் அவன் கை இல்லை. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. நீ சாப்பிடாமக் கிடந்த. எனக்குப் பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவள் தலையைக் குனிந்து முறத்திலிருந்த கல்லை ஒன்று ஒன்றாகப் பொறுக்கினாள். எல்லாக் கல்லையும் பொறுக்கி முடித்த பிறகும் விரல் அரிசியைத் துழாவிக்கொண்டே இருந்தது. அவளிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டோம் என்பது அப்போதுதான் கிதியோனுக்கு முழுதாகத் தெரிந்தது. மகனை அவர் பிடுங்கவில்லை. அது கடலோடு போன விஷயம். இத்தனை வருஷம் அவள் சாய்ந்து நின்ற சுவர் அவர்தான் என்பது தெரியாமலே, அந்தச் சுவரை இழுத்துவிட்டார். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஏதோ ஒன்றாவது இருந்தது.

"அந்தக் காகிதத்தை எடுங்க" என்றாள் கனகமணி. கண்ணைத் துடைக்கவில்லை, துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "சேதி வரலைன்னு தானே சொல்லணும். வரலை. அது எனக்குத் தெரியும்."

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துபோய் உலை வைத்தாள். அட்டை சுவரிலேயே இருந்தது. அவளும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

கோர்ட்டு காகிதம் வர செப்டம்பர் ஆகிவிட்டது. செப்டம்பர் கடைசி இரண்டு ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். அந்த மாதத்து ஜெபக் குறிப்பு முன்பே எழுதிக்கொடுத்தது என்பதால் அதில் தனசிங்கின் பேரும் இருந்தது. ஆக ஒரே ஆராதனையில் அவன் ஹில்டாவின் காலஞ்சென்ற கணவனாகவும், காணாமற்போய் நாம் மீட்டுத்தரக் கேட்கும் சகோதரனாகவும் இருந்தான். இரண்டுக்கும் சபை ஆமென் சொன்னது. ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

அக்டோபர் குறிப்பை எழுத உட்கார்ந்தபோது கிதியோன் பேனாவை மூடிவிட்டு உள்ளே பார்த்துக் கேட்டார். "அவன் பேரை என்ன செய்ய?"

"நீங்க பார்த்ததை எழுதுங்க" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

அவர் எழுதவில்லை. ஏழு வருஷமாக, நோயில் கிடக்கும் சாரா அம்மாளுக்கும் எல்லையில் ராணுவத்திலிருக்கும் லட்சுமணனுக்கும் நடுவில் இருந்த பேர் அது. சாராவுக்கு அடுத்து நேராக லட்சுமணன் வந்தார். எழுதி முடித்துப் பார்க்கும்போது ஒரு வரி குறைந்ததாகவே தெரியவில்லை. அத்தனை நெருக்கமாகச் சேர்ந்துவிட்டது.

அக்டோபர் முதல் ஞாயிறு மூன்றாவது ஓலை. தியோடர் ஆண்கள் பக்கம் நாலாவது வரிசையில் கழுத்துப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார். ஐயர் இரண்டு பேரையும் வாசித்துவிட்டு, ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம் என்று வழக்கம்போல நிறுத்தினார். பெண்கள் பக்கத்தில் கனகமணியும் ஹில்டாவும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். கிதியோன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை, பெஞ்சு கிறீச்சிடுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். மின்விசிறியின் சத்தம்தான் கேட்டது. ஐயர் காகிதத்தை மடித்தார்.

பிறகு ஜெபக் குறிப்பு. எல்லோரும் தலையைக் கவிழ்த்தார்கள். ஐயர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். வாசிப்பது என்று பேர்தான். பாதிக்கு மேல் அவருக்கு மனப்பாடம்.

"நோய்ப்படுக்கையிலிருக்கும் சாரா அம்மாளுக்காகவும், காணாமற்போன எங்கள் சகோதரன் தனசிங்குக்காகவும், ராணுவத்திலே பணிசெய்யும் லட்சுமணனுக்காகவும்..."

நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார். பேர் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. சபை ஆமென் சொன்னது. நாலாவது வரிசையில் தியோடரும் சொன்னார். கிதியோன் தலையை நிமிர்த்தினார்.

பெண்கள் பக்கத்திலிருந்து கனகமணி திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்களா என்று கண்ணால் கேட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் நம்பாமல் இன்னும் பார்த்தாள். அவர் மறுபடியும் ஆட்டினார். கோர்ட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அதே மனுஷன், அதே முகம். அவள் கொஞ்ச நேரம் அந்த முகத்தைச் சோதித்துவிட்டு, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிதியோனுக்கு உதட்டில் உப்புக் கரித்தது. வெயிலுக்கு வேர்க்கிறது என்று நினைத்துத் துடைத்தார். மறுபடி கரித்தது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அது வேர்வை இல்லை என்று தெரிந்தது.

ஆராதனை முடிந்து, ஹில்டாவையும் தியோடரையும் சுற்றி ஜனம் கூடியிருந்தபோது, கிதியோனும் கனகமணியும் வாசல் வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஐயர் படியில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எழுதலையே?" என்றாள் கனகமணி.

"எழுதலை. வேணும்னா குறிப்பைக் காட்டச் சொல்லுதேன். ஏழு வருசமாச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாயில பழகிப்போச்சு. வேற ஒண்ணும் இல்லை."

"பழக்கந்தான்" என்றாள். "எனக்குத் தெரியாதா?"

கிதியோன் படியைப் பார்த்து ஒரு அடி வைத்தார். தப்பு என்று ஒன்று தெரிந்தால் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லித் திருத்திவிட்டு வருவது அவருக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம். கனகமணி அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"அவர்ட்டச் சொல்லிராதீங்க" என்றாள்.

ஐயர் தூரத்திலிருந்தே அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கிதியோனும் பதிலுக்குக் கையை உயர்த்தினார்.

"சொல்லலை" என்றார்.